கால்வாய் கட்டும் முன் லெவல் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு ஊரணிகளைத் தூர்வாருவது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஊரணியை ஆழப்படுத்தினால் மட்டும் அதில் தண்ணீர் வந்துவிடாது. தெருவில் விழுகிற மழை ஊரணிவரை ஓடி வர வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். அந்த வாட்டத்தை இப்போது யாரும் அளந்து பார்ப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 68 வயது. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா கொத்தனார். நான் 1979ல் ஸ்டாஃப், அதாவது அளவு குறித்த கோல், பிடிக்கிற கலாசியாக வேலைக்குப் போனேன். அப்புறம் லெவல் பார்க்க, அதாவது இடத்துக்கு இடம் உயர வித்தியாசத்தைக் கருவியால் அளக்கக் கற்று, கோணம் அளக்கிற தியோடலைட் கற்று, மின் நிலையங்களில் இயந்திரம் நிறுவுகிற இடங்களில் அளவை வேலை செய்து ஓய்வுபெற்றேன். ஊர் பெயரை எழுதவில்லை. யாரையும் காட்டிக்கொடுப்பது என் நோக்கம் இல்லை. இதே தவறு பக்கத்து ஊர்களிலும் நடப்பதைப் பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் மூன்று தெருக்களின் தண்ணீர் ஊரணிக்குப் போக, பழைய செங்கல் கால்வாயை உடைத்துவிட்டுப் போன வருஷம் சிமென்ட் கால்வாய் கட்டினார்கள். நீளம் 640 மீட்டர். பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மழை வந்தது. மேல்தெருவில் தண்ணீர் நின்றுவிட்டது, ஊரணிக்கு வந்தது கொஞ்சம்தான். மூன்றாவது நாள் எதிர்வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இத்தனை வருஷம் எங்க வாசல்ல தண்ணி நின்னதில்ல. காவாய் கட்டுனதுக்கு அப்புறந்தான் நிக்குது. நீ அளக்குற ஆளுதான, என்னன்னு பாரு” என்றார். அவர் கேட்டிருக்காவிட்டால் நானும் சும்மாதான் இருந்திருப்பேன்.

மழை விட்டதும் என் பழைய ஆட்டோ லெவலை எடுத்து, இரண்டு நாள் காலை ஆறு மணிக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து காற்று நெளியும், ஸ்டாஃபில் இருக்கிற எண் துடிக்கும், மில்லிமீட்டர் படிக்க முடியாது. அதனால்தான் விடியற்காலை. ஊரணிப் பிள்ளையார் கோயில் வாசல் கல்படியை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அது அசையாத கல், யாரும் பெயர்க்க மாட்டார்கள். அங்கிருந்து தொடங்கி, பத்து இடத்தில் கருவியை நிறுத்தி மேல்தெரு முனைவரை போனேன். மறுநாள் அதே போல் திரும்பி வந்து கோயில் படியிலேயே கணக்கை முடித்தேன். போக வர 1.28 கிலோமீட்டர். முடிவில் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. சாதாரண லெவல் வேலைக்கு, கிலோமீட்டரில் உள்ள தூரத்தின் வர்க்கமூலத்தை 24ஆல் பெருக்கினால் வருகிற மில்லிமீட்டர் வரை பிழையை ஏற்றுக்கொள்வார்கள். இந்தத் தூரத்துக்கு அது 27. கொஞ்சம் கறாரான வேலைக்கு 12ஆல் பெருக்குவார்கள், அப்படிப் பார்த்தாலும் 13. ஆகவே என் 7ஐ நம்பலாம்.

கிடைத்த கணக்கு இது. மேல்தெரு முனையில் கால்வாய்த் தளம் 98.640. ஊரணி வாயில் 98.090. மொத்த இறக்கம் 55 சென்டிமீட்டர், போதும். 260 மீட்டர் வரை தளம் ஒழுங்காக இறங்கி 98.415க்கு வருகிறது. அங்கிருந்து 120 மீட்டருக்கு மேலே ஏறுகிறது! 380வது மீட்டரில், சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில், தளம் 98.530. அதாவது தண்ணீர் பதினொன்றரை சென்டிமீட்டர் மேடேறினால்தான் ஊரணிக்குப் போக முடியும். மேடேறாது, அதனால் பின்னால் 250 மீட்டருக்குத் தேங்குகிறது. பாலத்திலிருந்து ஊரணிவரை உள்ள கால்வாய் காய்ந்து கிடக்கிறது.

எப்படி இப்படி ஆனது என்று வேலை பார்த்த ஆட்களிடமே விசாரித்தேன். மறைக்காமல் சொன்னார்கள். இரண்டு செட் ஆட்கள் இரண்டு முனையிலிருந்தும் வந்திருக்கிறார்கள். ஊரணிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் டியூப் மட்டம், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய், பிடித்து வந்தார்கள். தெருப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த அளவு ஒன்றே ஒன்றுதான்: “ரோட்டிலிருந்து இரண்டே முக்கால் அடி ஆழம்.” ரோடு இறங்குகிற இடத்தில் கால்வாய் இறங்கியது. பாலத்துக்காக ரோடு ஏறுகிற இடத்தில் கால்வாயும் ஏறியது. ஆட்கள் மேல் தவறே இல்லை, சொன்னபடி செய்தார்கள். மொத்த வேலையையும் ஒரே புள்ளியோடு கட்டி, ஒரே கணக்கில் கொண்டுபோக ஒரு ஆள் இல்லை. அதுதான் குறை. இனி சரி செய்ய வேண்டுமானால் 260லிருந்து ஊரணிவரை தளத்தை உடைத்து, அதிகபட்சமாக 22 சென்டிமீட்டர் கீழே இறக்க வேண்டும். பாதிக்கும் மேல் திரும்பக் கட்டுகிற வேலை. ஒரு காலை நேரத்து லெவல் இதை மிச்சப்படுத்தியிருக்கும்.

55 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் பெரிதாகத் தோன்றும். 640 மீட்டருக்குப் பிரித்துப் பாருங்கள். பத்து மீட்டருக்கு எட்டரை மில்லிமீட்டர். எங்கள் தச்சர், கொத்தனார் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அந்தக் கணக்கில் பத்து மீட்டருக்கு மூன்று நூல்கூட இல்லை. நம் பூமி அவ்வளவு சமதளம். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, எவ்வளவு அனுபவம் உள்ள மேஸ்திரியாக இருந்தாலும் முடியாது. இப்போது பையன்கள் கைபேசியைத் தரையில் வைத்து மட்டம் பார்க்கிறார்கள். என் பேரனும் வைத்துக் காட்டினான். அது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் எண் காட்டும். டிகிரியில் பத்தில் ஒரு பங்கு என்றால் 100 மீட்டரில் பதினேழரை சென்டிமீட்டர். நமக்கு வேண்டிய வாட்டம் 100 மீட்டருக்கு எட்டரை சென்டிமீட்டர்தான். கைபேசி காட்டுகிற ஒரு எண்ணுக்குள் நம் கால்வாயின் முழு வாட்டமும் ஒளிந்துகொள்ளும்.

டியூப் மட்டத்தை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்குள் தளம் போட அதைவிட நல்ல சாமான் இல்லை. ஆனால் பத்துப் பத்து மீட்டராக 640 மீட்டர் போனால் 64 தடவை மட்டத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் தவறுகிறது என்று வையுங்கள். தவறு ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே என்று மாறி மாறி வந்தால் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துவிடும். 64ன் வர்க்கமூலம் எட்டு, ஆக எட்டு நூல், ஒரு அங்குலம் போல மிஞ்சும். டியூபில் காற்றுக்குமிழி இருந்தாலோ, ஒரே ஆள் எப்போதும் கொஞ்சம் மேலேயே குறி போட்டாலோ, தவறு ஒரே பக்கம் சேரும். அப்போது 64 நூல். எட்டு அங்குலம்! மொத்த இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இந்த இரண்டு வகைத் தவறுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டவர்தான் அளவைக்காரர். கருவி விலை உயர்ந்ததா இல்லையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் இதைக் கற்றது ஒரு தவறு செய்து. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம், ஒரு கட்டுமான இடத்தில் ஜீப்பில் வந்த லெவல் கருவியைச் சோதிக்காமல் அப்படியே வைத்துப் பார்த்தேன். வழியில் அடிபட்டு அதன் பார்வைக்கோடு 20 விகலை, அதாவது டிகிரியில் 180ல் ஒரு பங்கு, அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வசதியான மேடு கிடைத்ததென்று பின்பக்க ஸ்டாஃபை 20 மீட்டரிலும் முன்பக்க ஸ்டாஃபை 70 மீட்டரிலும் வைத்தேன். அந்த 50 மீட்டர் வித்தியாசத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 5 மில்லிமீட்டர் தவறு ஏறியது. அஸ்திவாரப் போல்ட்டுகள் ஒட்டுமொத்தமாகத் தாழ்ந்துபோயின. எங்கள் ஃபோர்மேன் திட்டவில்லை. கருவியை இரண்டு முளைக்கு நடுவில் நிறுத்திப் படிக்கச் சொன்னார், பிறகு ஒரு முளைக்கு ஒட்டி நிறுத்திப் படிக்கச் சொன்னார். இரண்டு வித்தியாசமும் ஒன்றாக வரவில்லை. “நடுவுல வச்சா கருவி பொய் சொன்னாலும் ரெண்டு பக்கமும் ஒரே பொய்யச் சொல்லும், கழிச்சா போயிரும்” என்றார். பின்னாலும் முன்னாலும் தூரம் சமமாக இருந்தால் பூமியின் வளைவுகூடக் கழிந்துபோகும். காற்று ஒளியை வளைப்பதையும் சேர்த்து, பூமியின் வளைவு ஒரு கிலோமீட்டர் பார்வைக்கு 67 மில்லிமீட்டர் தவறு கொடுக்கும். அதனால்தான் எங்கள் ஊர்க் கால்வாயிலும் பத்து நிறுத்தத்திலும் 32 மீட்டர் பின்னால், 32 மீட்டர் முன்னால் என்று நடந்து அளந்து வைத்தேன்.

அப்புறம் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் நிறுவும்போது அங்கே வேலை கிடைத்தது. அளவை என்பது எவ்வளவு தூரம் போகலாம் என்று அங்கேதான் பார்த்தேன். டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும். ரோட்டார் என்பது அதில் சுழல்கிற தண்டு. ஒரு ரோட்டாரை அடுத்ததோடு சேர்க்கிற இடத்தில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வருகிற இரண்டு மூன்று பங்குக்குள் நிற்க வேண்டும். தலைமுடி அதைவிடத் தடிமன். நுண்ணிய அசைவைக் காட்டுகிற டயல் கேஜை வைத்துத் தண்டை மெதுவாகச் சுற்றி, நான்கு திசையிலும் எண் எடுத்து, பேரிங் அடியில் காகிதத் தகடு போன்ற ஷிம் வைப்பார்கள், எடுப்பார்கள். நாள் கணக்கில் நடக்கும்.

அங்கே ஒன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. நான் எல்லா பேரிங்கையும் ஒரே மட்டத்தில் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி வைப்பதில்லை. ரோட்டார் டன் கணக்கில் கனம். இரண்டு முனையில் தாங்கினால் நடுவில் துளியளவு தொய்யும், முனைகள் மேலே பார்க்கும். எல்லாவற்றையும் மட்டமாக வைத்தால் ஒரு ரோட்டாரின் முனையும் அடுத்ததன் முனையும் முகத்துக்கு முகம் ஒட்டாது. ஆகவே தொங்குகிற கயிறு மாதிரி ஒரு வளைவைக் கணக்குப் போட்டு, ஓரத்து பேரிங்குகளை அந்த வளைவுப்படி உயர்த்தி வைப்பார்கள். மட்டமாக இருப்பது சரி என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. எது எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டு, பிறகு அங்கே இருக்கிறதா என்று அளக்க வேண்டும். கால்வாய்க்கும் அதே கதைதான். ஒவ்வொரு பத்து மீட்டரிலும் தளம் எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதியிருந்தால், பாலத்தடியில் நின்ற ஆளுக்கே தெரிந்திருக்கும்.

டர்பைன் அஸ்திவாரத் தூண்களில் பித்தளைக் குமிழ் பதித்து, கான்கிரீட் போட்ட பிறகும், இயந்திரம் ஏற்றிய பிறகும், ஓட விட்ட பிறகும் லெவல் எடுப்போம், எந்தத் தூண் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க. இன்வார் பட்டை போட்ட ஸ்டாஃப் அதற்கு. இரும்பும் நிக்கலும் சேர்ந்த உலோகம் அது, நிக்கல் 36 சதவீதம். வெயிலில் சாதாரண எஃகு நீளுகிறதில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். அதைக் கண்டுபிடித்த கியோம் என்பவருக்கு 1920ல் இயற்பியல் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. 30 மீட்டர் எஃகு டேப் 20 டிகிரி வெப்பத்துக்குச் சரிபார்த்தது. வெயிலில் கிடந்து 45 டிகிரிக்கு ஏறினால் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். இதை எத்தனை பேர் கணக்கில் சேர்க்கிறார்கள்?

200 வருஷத்துக்கு முன்னால் சேர்த்திருக்கிறார்கள். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்தில் முக்கோண அளவைக்கு அடிப்படையாக ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, வெப்பத்துக்கு ஏற்றபடி நீளத்தைத் திருத்தித் திருத்தி அளந்தார்கள். இரண்டு மாசத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அங்கிருந்து புறப்பட்ட முக்கோணங்கள்தான் பிற்பாடு இமயமலைவரை போய் எவரெஸ்ட் உயரத்தைக் கணக்கிட உதவின. அவருடைய தியோடலைட்டின் வட்டம் மட்டும் 36 அங்குலம், கனம் அரை டன். 1808ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி வட்டம் நெளிந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து வேறு வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. வாரக்கணக்கில் அதனோடேயே கிடந்து, வட்டத்தைத் தானே நிமிர்த்தி, மறுபடி வேலையைத் தொடர்ந்தார். சமதளமான சோழ நாட்டில் உயரமான இடம் வேறு கிடைக்காமல் கோயில் கோபுரங்களை நம்பித்தான் அளந்திருக்கிறார்கள். தஞ்சாவூர் போகும்போதெல்லாம் விமானத்தை அண்ணாந்து பார்த்து இதை நினைத்துக்கொள்வேன்.

கருவி இல்லாத காலத்தில் நம் ஊரில் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். என் அப்பா செட்டிநாட்டு வீடுகளில் பழுது பார்க்கிற வேலைதான் கடைசிவரை செய்தார். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை, ஒரு உருண்டை நூல். இவ்வளவுதான் அவர் பை. வளவில் தளம் போட்டு முடித்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஓரத்தில் ஊற்றுவார். தண்ணீர் முற்றத்து மூலைக்கு ஓடி, தூம்பு வாயில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். நடுவில் எங்காவது கண்ணாடி மாதிரி நின்றால் அந்த இடத்தைக் கொத்திவிடுவார், வீட்டுக்காரர் “இருக்கட்டும்பா” என்று சொன்னாலும் கேட்க மாட்டார். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, அங்கிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து ஊரணிக்குப் போகிற மாதிரிதான் இந்த ஊர்களையே அமைத்திருக்கிறார்கள். வற்றாத ஆறு கிடையாது, மழைதான். வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் அளவில் பெய்கிற மழையில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போகும். அதைப் பிடித்தால் உண்டு, விட்டால் இல்லை. தெருவுக்குத் தெரு வாட்டம் பார்த்தவர்கள் கையில் ஆட்டோ லெவல் இருந்ததில்லை. கட்டிவிட்டு, மழையில் பார்த்து, தப்பிருந்தால் பிரித்துக் கட்டியிருப்பார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது, ஊர்க்காரர்கள் கூடவே நின்றார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பில் வாங்கிக்கொண்டு போய்விடுகிற இந்தக் காலத்தில் அதற்கு இடம் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே அளந்துவிட வேண்டும் என்கிறேன்.

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டு முகப்புக்கு ஐந்து கல்படி இருந்ததை நான் ஏறி விளையாடியிருக்கிறேன். இப்போது வெளியே தெரிவது மூன்று. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே மேலேயே புதுத் தார் போட்டதில் மற்ற இரண்டும் புதைந்துவிட்டன. ரோடு உயர உயர வீட்டுத் தண்ணீர் தெருவுக்கு வராது, தெருத் தண்ணீர் வீட்டுக்கு வரும். 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. ஆனால் அது நடந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது? வேலைக்கு முன்னும் பின்னும் ரோட்டின் எண் எழுதியிருந்தால் ஒரு கழித்தல் கணக்கில் தெரிந்துவிடும். எண் இல்லாவிட்டால் வாய்ச்சண்டைதான்.

புதுக் கருவிகள் வந்துவிட்டனவே, இன்னும் எதற்கு லெவல் என்று ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார். பக்கத்து ஊர் சாலை வேலைக்குச் செயற்கைக்கோள் கருவியோடு வந்திருந்தார். கம்பின் மேல் வட்டமாக இருக்குமே, அது. நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். அவருடைய திரையில் உயரம் மைனஸ் குறியோடு இருந்தது. கடலுக்குக் கீழேயா இருக்கிறோம் என்று அவரே குழம்பியிருந்தார். காரைக்குடி ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஊர் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். நாம் 80 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறோம். பிறகு ஏன் மைனஸ்? செயற்கைக்கோள் கருவி பூமியை வழவழப்பான ஒரு கணித உருண்டையாக வைத்து, அதிலிருந்து உயரம் சொல்கிறது. கடல் மட்டம் ஈர்ப்புவிசைப்படி நிற்கும். இலங்கைக்குத் தெற்கே கடல் அந்தக் கணித உருண்டையைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது, உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான். நம் பக்கத்தில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 90 மீட்டர். அதைத் திருத்திக்கொண்டால் எண் சரியாகிவிடும். அவருக்கு விளக்கிச் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

அந்தக் கருவியில் நீள அகலம் அருமையாக வரும். வயல் எல்லைக்கும் சாலை வளைவுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் உயரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அங்கே இங்கே ஆகும். நமக்குப் பத்து மீட்டருக்கு எட்டரை மில்லிமீட்டர்தான் வாட்டம் என்று மேலே சொன்னேன். இந்த வேலைக்கு முக்காலியில் நிற்கிற லெவல்தான். இந்தியாவின் கடல் மட்ட எண்ணே அப்படி வந்ததுதான். கரையோரம் ஒன்பது இடங்களில் வருஷக்கணக்கில் அலை ஏற்ற இறக்கத்தை அளந்து, நாடு முழுக்க லெவல் கொண்டுபோய், 1909ல் கணக்கை முடித்தார்கள். அந்த ஒன்பதில் நம் நாகப்பட்டினமும் ஒன்று.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு ஊரிலும், ஊரணிப் படியிலோ கோயில் வாசலிலோ அசையாத ஒரு கல்லில் பெஞ்ச் மார்க், அதாவது உயரக் குறி, வெட்டி, அதன் எண்ணைச் சுவரில் எழுதுங்கள். முடிந்தால் இந்திய நில அளவைத் துறையின் கல்லோடு இணையுங்கள். முடியாவிட்டால் 100.000 என்றே வைத்துக்கொள்ளலாம், ஊருக்குள் அதுவே போதும். கால்வாயோ ரோடோ எந்த வேலைக்கும் அந்தக் கல்லிலிருந்து லெவல் எடுத்து, பத்து மீட்டருக்கு ஒரு எண் போட்ட தாளை வேலை தொடங்குமுன் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். கான்கிரீட் போடுமுன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை சரிபார்த்து, லெவல் புத்தகத்தைப் பில்லோடு சேர்த்து வையுங்கள். தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்து முடிக்காத லெவலை ஏற்காதீர்கள். இந்த ஒரு நிபந்தனையில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருக்கிறேன். திரும்பி வராத லெவல் சரியா தப்பா என்று, எடுத்தவருக்கே தெரியாது. நம் பகுதியில் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. சிவில் படிக்கிற பிள்ளைகள் கல்லூரி மைதானத்தையே சுற்றிச் சுற்றி லெவல் எடுக்கிறார்கள். அவர்களை ஒரு ஊரணிக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லது.

எங்கள் ஊர்க் கால்வாயின் லெவல் புத்தகத்தை நகல் எடுத்து ஊராட்சியில் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார்கள், பார்க்கிறோம் என்றார்கள். இது ஆவணி மாசம். ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாசம் இல்லை. பாலத்தடியில் அந்த மேட்டை மட்டுமாவது மழைக்கு முன் உடைத்து இறக்கிவிட்டால் மேல்தெருத் தண்ணீர் பெரும்பகுதி போய்விடும். மற்றதைத் தையில் செய்யலாம். பிள்ளையார் கோயில் படியில் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டு வைத்திருக்கிறேன், அழியவில்லை. வேறு எந்த ஊரிலாவது ஊரணிக் கால்வாய்க்கு லெவல் பார்க்க வேண்டுமென்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம். கருவியும் முக்காலியும் என்னிடம் இருக்கின்றன. ஸ்டாஃப் பிடிக்க ஒரு ஆளைக் கொடுத்து, காலை ஆறு மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அளவையாளர் ஒருவர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.